‘இலவசம்’ என்ற சொல் எதுவரை செல்லும்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பயனுள்ள செயலிகளை அறிமுகப்படுத்தும் குறிப்புகள் நாளிதழ்களிலும் வார இதழ்களிலும் தொடர்ந்து வருகின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே மாதிரி முடிகின்றன: ‘இதை இலவசமாகப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.’ அந்த வரியில் பொய் ஏதுமில்லை. ஆனால் அதை நம்பி நிறுவுகிறவர்களில் பலர், அந்தச் செயலியில் செய்யப்போகும் எல்லாமே இலவசம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கழிந்ததாக வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்த பிறகுதான் எங்கே, எதற்காகப் போனது என்று தேடத் தொடங்குகிறார்கள். செயலிக்குள் பணம் வாங்கும் பகுதி எப்படி இயங்குகிறது என்பதை அறிந்தவர்கள் என்ற முறையில் இதை எழுதுகிறோம். கடிதத்தின் நீளத்தைப் பொறுத்தருள வேண்டும். சுருக்கினால் பணம் போகும் இடங்கள்தான் விடுபட்டுப்போகும்.

முதலில் அந்தச் சொல்லைப் பற்றி. ஆப்பிளின் ஆப் ஸ்டோர் 2008 ஜூலையில் திறக்கப்பட்டபோது ஒரு செயலி ஒன்று விலைக்கு வந்தது, அல்லது இலவசமாக வந்தது. இலவசச் செயலிக்குள் ஸ்டோர் வழியாகப் பணம் வாங்க வழியே கிடையாது. 2009 ஜூனில் செயலிக்குள்ளேயே பொருள் விற்கும் வசதி வந்தது; அதுவும் விலை கொடுத்து வாங்கிய செயலிகளுக்கு மட்டும். அதே ஆண்டு அக்டோபரில் இலவசச் செயலிகளுக்கும் அந்தக் கதவு திறந்தது. ஆண்ட்ராய்டில் 2011 மார்ச்சில் அதே வசதி வந்தது. அன்றிலிருந்து ‘இலவசம்’ என்பது செயலி போனில் வந்து உட்காரும்வரைக்கும்தான். 2014இல் ஐரோப்பிய ஆணையம் இதைக் கையில் எடுத்த பிறகு, உள்ளே பொருள் விற்கும் விளையாட்டுகளை ‘இலவசம்’ என்று குறிப்பிடுவதை கூகுள் நிறுத்த ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் ஆப்பிள் தன் பதிவிறக்கப் பொத்தானில் இருந்த ‘ஃப்ரீ’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கெட்’ என்று மாற்றியது. விற்கிற கடைக்காரர்களே கைவிட்ட சொல்லை நாம் இன்னும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் எங்கள் வருத்தம்.

பணம் கேட்பதே குற்றம் என்று நாங்கள் சொல்லவில்லை. சர்வர் வாடகை உண்டு, பராமரிப்பு உண்டு, எழுதுகிறவர்களுக்குச் சம்பளம் உண்டு. இன்னொரு காரணத்தையும் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கூகுள் ப்ளே ஸ்டோரில் ஒருமுறை இலவசமாக வெளியிட்ட செயலியைப் பிறகு விலைக்குரியதாக மாற்ற முடியாது. அது கடையின் விதி. ஆகவே பின்னாளில் வருமானம் தேவைப்படும் நிறுவனத்துக்கு இருப்பது விளம்பரம், உள்ளே விற்பனை, சந்தா ஆகிய வழிகள்தான். நெடுநாள் முழு இலவசமாக இருந்த செயலியில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று பூட்டுச் சின்னங்கள் முளைப்பது பல நேரங்களில் இதனால்தான்.

நிறுவுவதற்கு முன்பே பார்த்துவிடக்கூடிய தகவல் ஒன்று இருக்கிறது. ப்ளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ‘கன்டெயின்ஸ் ஆட்ஸ்’, ‘இன்-ஆப் பர்ச்சேஸஸ்’ என்ற குறிப்புகள் வரும். அதோடு நிற்காமல் ‘அபௌட் திஸ் ஆப்’ பகுதியைத் திறந்து கடைசிவரை கீழே போனால், உள்ளே விற்கப்படும் பொருட்களின் மிகக் குறைந்த விலையும் மிக உயர்ந்த விலையும் ஒரே வரியில் இருக்கும். ஐபோனில் இது இன்னும் தெளிவு. செயலியின் பக்கத்தில் ‘இன்ஃபர்மேஷன்’ என்ற பகுதியில் ‘இன்-ஆப் பர்ச்சேஸஸ்’ வரியைத் தொட்டால் பொருளின் பெயரும் விலையும் பட்டியலாக விரியும். அந்தப் பட்டியலில் ‘வீக்லி’ என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நின்று யோசிக்க வேண்டும். ஏன் என்பதைச் சற்றுப் பின்னால் சொல்கிறோம்.

இந்தக் குறிப்பு இல்லாத செயலிகள் பணமே கேட்காது என்று எண்ணிவிடக் கூடாது. இரண்டு கடைகளின் விதிகளும் டிஜிட்டல் பொருளையும் நிஜப் பொருளையும் பிரித்துப் பார்க்கின்றன. விளையாட்டு நாணயம், பாடல் சந்தா, கூடுதல் வசதி போன்றவை பொதுவாகக் கடையின் கட்டண வழியில்தான் போக வேண்டும். வாடகை வண்டி, பயணச் சீட்டு, வீட்டுக்கு வரும் சாமான் போன்றவை அந்த வழியில் போகக் கூடாது. நிறுவனமே நேரடியாக அட்டையிலோ வாலட்டிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். அதனால் வண்டி அழைக்கும் செயலியின் பக்கத்தில் ‘இன்-ஆப் பர்ச்சேஸஸ்’ என்று பொதுவாக இருக்காது, ஆனால் செயலியின் நோக்கமே கட்டணம் வாங்குவதுதான். இங்கே கவனிக்க வேண்டியது கடைசித் திரை. முதலில் காட்டிய தொகையோடு சேவைக் கட்டணம், தளக் கட்டணம், நெரிசல் நேரக் கூடுதல், தானாக டிக் செய்யப்பட்ட காப்பீடு அல்லது நன்கொடை என்று ஒவ்வொன்றாக ஏறும். ‘பே’ பொத்தானைத் தொடும் முன் தொகையைத் தட்டி விரித்துப் பாருங்கள்; தேவையில்லாத டிக்கை எடுத்துவிடுங்கள். முன்கூட்டியே டிக் செய்து வைத்து வாங்கும் கூடுதல் தொகைகள் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 ஜூன் முதல் செல்லாது. இந்தியாவில் 2023இல் வெளியான ஏமாற்று வடிவமைப்புகள் குறித்த வழிகாட்டு நெறிகள் இதையும், சந்தாப் பொறியையும், விலையைத் துளித்துளியாகக் காட்டுவதையும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டிருக்கின்றன.

கடை வழியாகப் போகும் பணத்துக்குக் கடைக்குப் பங்கு உண்டு. வழக்கமான பங்கு நெடுநாள் 30 சதவீதமாக இருந்தது. ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறு நிறுவனங்களுக்கு ஆப்பிள் 2021 ஜனவரி முதல் அதை 15 சதவீதமாக்கியது. அதே ஆண்டு ஜூலை முதல் கூகுளும் முதல் 10 லட்சம் டாலருக்கு 15 சதவீதம் என்று குறைத்தது. வாசகருக்கு இதில் ஒரு பயன் இருக்கிறது. சில சேவைகளின் சந்தா செயலிக்குள் ஒரு விலை, அதே நிறுவனத்தின் இணையதளத்தில் குறைந்த விலை என்று இருப்பதற்கு இந்தப் பங்கு முக்கியக் காரணம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் இணையதளத்தில் வாங்கிய சந்தா போனின் சந்தாப் பட்டியலில் வராது. ரத்து செய்வதும் பணத்தைத் திரும்பக் கேட்பதும் அந்த நிறுவனத்திடமே. குறைந்த விலைக்காக முன்பின் தெரியாத நிறுவனத்திடம் அட்டை எண்ணைக் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

உள்ளே விற்கப்படுவது மூன்று வகை. ஒருமுறை வாங்கினால் நிலைத்து நிற்பது முதல் வகை. விளம்பரத்தை நீக்குவதும் முழுப் பதிப்பைத் திறப்பதும் இதில் சேரும். புது போனுக்கு மாறினாலும் அதே கணக்கில் உள்நுழைந்து ‘ரிஸ்டோர் பர்ச்சேஸ்’ என்பதைத் தொட்டால் மீண்டும் கிடைக்கும், மறுபடி பணம் கட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டில் வாங்கியது ஐபோனுக்கு வராது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். செயலிக்கு என்று தனி உறுப்பினர் கணக்கு இருந்தால் சில நேரம் வரும். இரண்டாவது வகை, செலவழித்தால் தீர்ந்துபோவது: நாணயம், வைரம், கூடுதல் உயிர். இது ‘ரிஸ்டோர்’ ஆகாது. செயலியை அழித்தால் மிச்சமும் போய்விடக்கூடும். மூன்றாவது சந்தா. எங்கள் கணிப்பில் இவற்றில் வாசகருக்கு நல்லது முதல் வகைதான். ஒருமுறைக் கட்டணம், சந்தா இரண்டும் கிடைக்கிற இடத்தில், அடிக்கடி பயன்படுத்தும் செயலியாக இருந்தால், ஒருமுறைக் கட்டணத்தையே தேர்ந்தெடுங்கள்.

சந்தாவில்தான் அதிகம் பேர் சிக்குகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். செயலியைத் திறந்ததும் ‘3 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பாருங்கள்’ என்று முழுத்திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. பெரிய பொத்தான் ஒன்று. விலை அதன் கீழே மங்கிய நிறத்தில். மூடுவதற்கான பெருக்கல் குறி பல செயலிகளில் சில விநாடிகள் கழித்தே, மூலையில், பின்னணியோடு கலந்த நிறத்தில் தோன்றும். அவசரக்காரர் பொத்தானை அழுத்திவிடுவார்; ஐந்தாறு விநாடி பொறுத்தவருக்கு வெளியே போகும் வழி தெரியும். குறி வரவே இல்லையென்றால் செயலியையே மேலே தள்ளி மூடிவிடுங்கள்.

பொத்தானை அழுத்தி விரல் ரேகையோ முகமோ காட்டியவுடன் நடப்பது இதுதான்: பணம் இன்று கழியாது, ஆனால் சந்தா இன்றே தொடங்கிவிட்டது. சோதனை நாட்கள் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்தாகிவிட்டது. சோதனைக்காலம் முடிந்ததும் ‘தொடரலாமா’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஆப்பிளில் சோதனைக்காலம் முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும். திங்கள் மாலை 6 மணிக்குத் தொடங்கிய 7 நாள் சோதனை என்றால் ஞாயிறு மாலை 6 மணிக்குள். திங்கள் காலையில் ரத்து செய்துவிட்டு ‘நேரம் இருந்ததே’ என்று சொல்வதில் பயனில்லை. இதற்கு எளிய வழி, சோதனையைத் தொடங்கிய ஐந்தாவது நிமிடமே ரத்து செய்துவிடுவது. கூகுளில் ரத்து செய்த பிறகும் சோதனை நாட்கள் முடியும்வரை செயலியைப் பயன்படுத்தலாம். ஆப்பிளிலும் பெரும்பாலான செயலிகளில் அப்படித்தான். ஆப்பிளின் சொந்தச் சேவைகளில் மட்டும் ரத்து செய்த உடனே சோதனை நின்றுவிடக்கூடும்.

ரத்து செய்யும் இடம் செயலிக்குள் இல்லை, கடையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோரைத் திறந்து மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதில் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, அதில் செயலியின் பெயர், பிறகு ‘கேன்சல் சப்ஸ்கிரிப்ஷன்’. காரணம் கேட்கும், சில செயலிகள் தள்ளுபடி தருவதாகச் சொல்லும், இடைநிறுத்தலாமே என்று கேட்கும். இறுதி உறுதிப்படுத்தல்வரை போனால்தான் ரத்து ஆகும். பாதியில் திரும்பினால் ஆகாது. ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, மேலே உள்ள உங்கள் பெயர், ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’, செயலி, ‘கேன்சல்’. சந்தா எந்தத் தேதியில் முடிகிறது என்று ஒரு வரி தெரிந்தால் வேலை முடிந்தது. அந்தத் திரையை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

செயலியை போனிலிருந்து அழித்தால் சந்தா நிற்காது. இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை, இதனால் ஆண்டுக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். செயலிக்குள் இருக்கும் உறுப்பினர் கணக்கை அழித்தாலும் கடையின் சந்தா தொடர்ந்துகொண்டே இருக்கும். அட்டையை மாற்றினால் நின்றுவிடும் என்றும் நம்ப முடியாது. பழைய அட்டைக்குப் பதில் வந்த புதிய எண் வணிகருக்குத் தானாகவே போய்ச் சேரும் ஏற்பாடு பல அட்டைகளில் இருக்கிறது. ‘பட்டியலில் அந்தச் சந்தாவே இல்லை, ஆனால் பணம் போகிறது’ என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது போனில் உள்ள இரண்டாவது மின்னஞ்சல் கணக்கை. ஒரே போனில் இரண்டு மூன்று கணக்குகள் இருந்தால் சந்தா எந்தக் கணக்கில் எடுக்கப்பட்டதோ அதில் மட்டுமே தெரியும். ப்ளே ஸ்டோரில் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றிப் பாருங்கள். அதிலும் இல்லையென்றால் குடும்பத்தில் வேறொருவரின் போனில், உங்கள் அட்டையில் எடுக்கப்பட்டிருக்கலாம். ஆப்பிளின் ‘ஃபேமிலி ஷேரிங்’கில் வாங்கும் வசதியைப் பகிர்ந்திருந்தால், குடும்பத்தினர் வாங்குவது ஒருங்கிணைப்பாளரின் கணக்கிலிருந்தே கழியும்.

வாரச் சந்தா என்று முன்னே குறிப்பிட்டோமே, அது இதுதான். ஜாதகம், க்யூஆர் ஸ்கேனர், வால்பேப்பர், முகத்தை முதியவராக்கிக் காட்டுவது போன்ற சின்ன வேலைகளுக்கான செயலிகள் வாரக் கணக்கில் விலை சொல்கின்றன. தொகை சிறிதாகத் தெரியும். மனம் அதை நாலால் பெருக்கி மாதக் கணக்கு போடும், அதைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்கு போடும். அது 48 வாரம்தான். ஆண்டுக்கு 52 வாரம். இப்படி அற்ப வேலைக்குப் பெரிய தொகை கறக்கும் செயலிகளுக்கு ‘ஃப்ளீஸ்வேர்’ என்று சோஃபோஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2019இல் பெயர் வைத்தது. இவற்றில் வைரஸ் எதுவும் இருக்காது, கடையின் சோதனையிலும் சிக்காது. நாமே ஒப்புதல் கொடுக்கிறோம் என்பதுதான் அவற்றின் பாதுகாப்பு. க்யூஆர் குறியைப் படிக்க இன்றைய போன்களில் பெரும்பாலானவற்றின் கேமராவே போதும், தனிச் செயலி வேண்டாம். 2023 முதல் இதே கூட்டம் செயற்கை நுண்ணறிவு உரையாடல் செயலிகளின் பெயரையும் சின்னத்தையும் ஒத்த போலிகளோடு வந்திருக்கிறது. மூலச் செயலி இலவசமாகச் செய்கிற வேலைக்கே போலி வாரச் சந்தா கேட்கும். வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பார்த்தே நிறுவுங்கள்.

விரல் ரேகை பற்றி ஒரு எச்சரிக்கை. 2018 டிசம்பரில் ஐபோனில் சில செயலிகள் பிடிபட்டன. உடலின் கலோரியை அளக்க விரலை சென்சாரில் வையுங்கள் என்றன. விரல் வைக்கப்பட்டிருக்கும் அந்த நொடியில் கட்டணத் திரையைக் கொண்டுவந்தன. விரல் அங்கேயே இருந்ததால் ஏறத்தாழ 100 டாலர் அளவில் பணம் உறுதியானது. ஆப்பிள் அவற்றை நீக்கிவிட்டது. ஆனால் விரல் ரேகை சென்சார் இதயத்துடிப்பையோ கலோரியையோ அளக்காது என்ற அடிப்படை இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் கையில் போன் இருக்கும் வீடுகளில் பணம் போகும் விதம் வேறு. விளையாட்டில் விலைகள் பணமாக எழுதப்பட்டிருக்காது, வைரமாகவோ நாணயமாகவோ இருக்கும். வாள் ஒன்றின் விலை 80 வைரம். ஆனால் வைரம் 50 அல்லது 120 என்ற கட்டுகளில்தான் கிடைக்கும். 120 வாங்கினால் 40 மிஞ்சும். அந்த 40 வீணாகாமல் இருக்க இன்னொரு கட்டு வாங்கத் தோன்றும். கணக்கு சரியாகப் பொருந்திவிடாதபடிதான் இந்த எண்கள் வகுக்கப்படுகின்றன, பெரியவர்களே தடுமாறும் இடம் இது. உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் வாங்கும் அதிர்ஷ்டப் பெட்டிகள் இன்னும் மோசம். 2017 டிசம்பர் முதல், எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று ஆப்பிள் விதித்தது. பெல்ஜியம் 2018இல் பணம் கொடுத்து வாங்கும் இத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்றே வகைப்படுத்தியது.

ஒருமுறை கடவுச்சொல் போட்டால் அதன் பிறகு சிறிது நேரத்துக்கு மறுபடி கேட்காது என்ற ஏற்பாடும் பெரிய தொகைகளை விழுங்கியிருக்கிறது. முன்பு ஆப்பிளில் அந்த இடைவெளி 15 நிமிடம், கூகுளில் 30 நிமிடம். பெற்றோர் ஒரு சின்னப் பொருளுக்குக் கடவுச்சொல் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்தால், அந்த இடைவெளியில் குழந்தை எத்தனை வாங்கினாலும் தடையில்லை. இதற்காகவே அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்து, 2014 ஜனவரியில் ஆப்பிள் குறைந்தது 3 கோடியே 25 லட்சம் டாலரும், அதே ஆண்டு செப்டம்பரில் கூகுள் குறைந்தது 1 கோடியே 90 லட்சம் டாலரும் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டன. 2022 டிசம்பரில், குழப்பமான பொத்தான் அமைப்பால் தெரியாமல் வாங்க வைத்ததற்காக ஃபோர்ட்நைட் விளையாட்டின் எபிக் கேம்ஸ் 24 கோடியே 50 லட்சம் டாலர் திருப்பித் தர நேர்ந்தது.

அமைப்பை மாற்ற இரண்டு நிமிடம் போதும். ப்ளே ஸ்டோரின் ‘செட்டிங்ஸ்’ஸில் வாங்கும்போது சரிபார்க்கும் பகுதிக்குப் போய் ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். ஐபோனில் ‘செட்டிங்ஸ்’, ‘ஸ்க்ரீன் டைம்’, ‘கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்’, அதில் கடையில் வாங்குவது பற்றிய பகுதி, ‘இன்-ஆப் பர்ச்சேஸஸ்’ என்பதில் ‘டோன்ட் அலௌ’. ஸ்க்ரீன் டைமுக்கு போனின் எண்ணையே வைக்காமல் வேறொரு எண் வையுங்கள். போனின் எண் குழந்தைக்கு எப்போதோ தெரிந்திருக்கும். குழந்தையின் கைரேகையை பெற்றோர் போனில் பதிந்து வைத்திருந்தால் அதை நீக்குங்கள், ஏனென்றால் போனைத் திறக்கும் விரலே பணத்தையும் திறக்கும்.

பேசும் செயலிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரே செயலி வைத்திருக்கும் இருவர் தமக்குள் பேசினால் இணைய டேட்டா மட்டுமே செலவு. அதே செயலியிலிருந்து சாதாரண தொலைபேசி எண்ணுக்கு அழைத்தால் அந்த அழைப்பு தொலைபேசி வலையமைப்புக்குள் நுழைகிறது. எதிர்முனை நிறுவனத்துக்குக் கட்டணம் கொடுத்தாக வேண்டும், அதை நம்மிடம் நிமிடக் கணக்கில் வாங்குகிறார்கள். 2003 முதல் 2025 மே வரை இயங்கிய ஸ்கைப் இந்த முறையைப் பிரபலமாக்கியது. 180 நாள் தொடாமல் இருந்தால் அதன் இருப்புத் தொகை செயலிழக்கும் என்ற விதியும் அதில் இருந்தது. இப்படி முன்பணம் கட்டும் செயலிகளில் காலாவதி விதியைப் படித்துவிட்டு, தேவைக்கு மட்டும் போடுங்கள். ஐபோனின் சொந்தச் செய்தி, வீடியோ அழைப்பு வசதிகளான ஐமெசேஜையும் ஃபேஸ்டைமையும் இயக்கும்போது எண்ணைச் சரிபார்க்க போன் பின்னணியில் ஒரு குறுஞ்செய்தி அனுப்பும். அதற்கு உங்கள் மொபைல் நிறுவனம் கட்டணம் எடுக்கக்கூடும். டேட்டா இல்லாத நேரத்தில் ஐமெசேஜ் சாதாரண குறுஞ்செய்தியாகப் போவதும் உண்டு. ‘செண்ட் அஸ் டெக்ஸ்ட் மெசேஜ்’ என்பதை அணைத்தால் அது நிற்கும்.

மொபைல் பில்லில் அல்லது ரீசார்ஜ் இருப்பில் கழிவது இன்னொரு வழி. அட்டையே இணைக்காதவர்களும் இதில் பணம் இழப்பார்கள். மொபைல் டேட்டாவில் இணையும்போது உங்கள் எண் என்ன என்பது நிறுவனத்துக்குத் தானாகவே தெரியும்; நீங்கள் எதையும் தட்டச்சு செய்யாமலே ஓர் இணையப் பக்கத்தின் ‘சப்ஸ்க்ரைப்’ பொத்தான் உங்கள் எண்ணில் கட்டணம் ஏற்றிவிட முடிகிறது. ‘ஜோக்கர்’ என்று அழைக்கப்படும் தீநிரல் குடும்பம் இதைத்தான் பயன்படுத்தியது. வால்பேப்பர், கீபோர்டு போன்ற இலவசச் செயலியாக வரும்; பின்னணியில் பக்கத்தைத் திறந்து தானே பொத்தானை அழுத்தும்; சரிபார்ப்புக்கு வரும் எண்ணை அறிவிப்புகளிலிருந்து படித்துக்கொள்ளும். 2017 முதல் இத்தகைய 1,700 செயலிகளைத் தடுத்ததாக கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. இத்தகைய நிரல்களில் சில வை-ஃபையைத் தாமே அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றுவதை மைக்ரோசாஃப்ட் 2022இல் விளக்கியது. ஆகவே வால்பேப்பர் செயலி ‘நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்’ கேட்டால் கொடுக்காதீர்கள். அந்த அனுமதி கையில் இருந்தால் குறுஞ்செய்தி அனுமதி இல்லாமலே ஓடிபியைப் படித்துவிடலாம். ப்ளே ஸ்டோரின் ‘பேமென்ட் மெத்தட்ஸ்’ பகுதியில் மொபைல் பில் வழியாகக் கட்டும் முறை இணைக்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கட்டணச் சேவைகளை எண்ணில் முழுவதும் தடுக்கச் சொல்லி மொபைல் நிறுவனத்திடம் கேட்பது அதைவிட உறுதியானது.

சேமிப்பிடமும் இப்படித்தான். கூகுள் கணக்கில் இலவசம் 15 ஜிபி; மின்னஞ்சல், டிரைவ், படங்கள் மூன்றுக்கும் சேர்த்து. 2021 ஜூன் 1 முதல் படங்களும் இந்தக் கணக்கில் சேர்ந்தன. பின்னர் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இதில் சேர்ந்துகொண்டது. நிறைந்துவிட்டால் மின்னஞ்சல் வருவதே நின்றுபோகும். இரண்டு ஆண்டுகள் அளவுக்கு மேலேயே இருந்தால் உள்ளடக்கம் அழிக்கப்படலாம். ஆப்பிளில் இலவசம் 5 ஜிபி. சந்தா எடுக்கும் முன் வாட்ஸ்அப் பேக்கப்பில் வீடியோவைச் சேர்க்காமல் விட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே இடம் தரும்.

போன பணத்தைத் திரும்பக் கேட்பதில் வரிசை முக்கியம். முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள், பிறகு கேளுங்கள். இல்லையென்றால் ஒரு தவணை திரும்பி வரும், அடுத்த தவணை போய்விடும். கூகுளில் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே பரிசீலிக்கும். ப்ளே இணையதளத்தில் உங்கள் ஆர்டர் பட்டியலுக்குப் போய் ‘ரிப்போர்ட் எ ப்ராப்ளம்’ என்பதில் காரணத்தை எழுதுங்கள். முடிவு பெரும்பாலும் ஒரு நாளில், அதிகபட்சம் நான்கு நாட்களில் வரும். 48 மணி கடந்தால் செயலியை உருவாக்கியவருக்கு எழுத வேண்டும். ரசீதில் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண்ணைக் கொடுத்தால்தான் அவர்களால் கண்டுபிடிக்க முடியும்; எண் இல்லாத புகார்கள் பதிலின்றிக் கிடப்பதற்கு அதுவே காரணம். ஆப்பிளில் ‘ரிப்போர்ட் எ ப்ராப்ளம்’ என்ற தனி இணையப் பக்கம் இருக்கிறது. கட்டணம் இன்னும் ‘பெண்டிங்’ நிலையில் இருந்தால் கோரிக்கையை ஏற்காது, ஓரிரு நாள் பொறுத்து மறுபடி முயலுங்கள். ‘குழந்தை தெரியாமல் வாங்கியது’, ‘ரத்து செய்ய மறந்தேன்’ என்று உண்மைக் காரணத்தையே எழுதுங்கள். வாங்கிய நாணயங்களைச் செலவழித்துவிட்டால் கிடைக்கும் வாய்ப்பு குறைகிறது, ஆகவே கண்டுபிடித்தவுடன் விளையாட்டை நிறுத்திவிடுங்கள்.

கடையிடம் கேட்காமல் நேரே வங்கியில் தகராறு எழுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும். அப்படிச் செய்தால் கடை உங்கள் கணக்கில் வாங்கும் வசதியையே நிறுத்திவைக்கக்கூடும். அதே கணக்கில்தான் உங்கள் படங்களும் மின்னஞ்சலும் இருக்கும். அட்டையைப் புதிதாக இணைக்கும்போது மிகச் சிறு தொகை கழிந்து சில நாளில் திரும்பினால் அது அட்டை உயிரோடு இருக்கிறதா என்ற சோதனைதான், பதற வேண்டாம்.

ஆசிரியர் அவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. செயலியை அறிமுகப்படுத்தும் குறிப்புகளில் ‘இலவசம்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, நிறுவக் கட்டணம் உண்டா, உள்ளே விற்கும் பொருளின் குறைந்த விலையும் உயர்ந்த விலையும் எவ்வளவு, சந்தா இருந்தால் வாரமா மாதமா ஆண்டா, சோதனைக்காலம் எத்தனை நாள் என்பவற்றை இரண்டு வரியில் சேர்த்து அச்சிட வேண்டும். எல்லாமே கடையின் பக்கத்தில் இருக்கும் தகவல்கள். குறிப்பு எழுதுகிறவருக்குக் கூடுதலாகச் சில நிமிடம் பிடிக்கும். விலைகள் மாறுவதால் பார்த்த தேதியையும் போடுவது நல்லது.

இப்படிக்கு,
செயலிக் கட்டண முறைகளை அறிந்த வாசகர்கள் சிலர்